நீர் விளையாட்டுக்கு ஏற்ற வெயிற்காப்பு உடை: தெரிவு செய்வது எப்படி?

 

நிழலின் அருமை வெயிலிலே தெரியும் என்பது எம் முன்னோர் வாக்கு. நோர்வேயில் வாழும் நாமோ வெயிலின் அருமையைக் குளிர்காலத்தில் அறிந்துகொண்டோம். மாதக்கணக்காகப் பனியையும் இருளையும் கண்ட கண்களுக்கு மே மாதத்து வெயில் ஒரு திருவிழாவாகவே தோன்றுகின்றது. லோறென்ஸ்கூக்கிலுள்ள எமது பிள்ளைகளும் தம் நண்பர்களுடன் மோனவன் ஏரிக்கும், ஓஸ்ற்மார்க்காக் காட்டிலுள்ள ஏனைய நீர்நிலைகளுக்கும், ஒஸ்லோக் கடற்கரைகளுக்கும் செல்கின்றனர். நீந்துதல், கயாக் வள்ளம் வலித்தல், பாய்ப்படகு ஓட்டுதல், பலகையில் நின்று துடுப்பு வலித்தல் என அவர்களுக்கு விளையாட்டுகள் பல உள்ளன.

இவ்வேளையில் எம் வீடுகளில் இரண்டு கூற்றுகளை அடிக்கடி கேட்கலாம். "எங்களுக்குக் கறுத்தத் தோல், வெயில் ஒன்றும் செய்யாது" என்பது ஒன்று. "வெயிலுக்கை நிண்டால் கறுத்துப் போவாய், தண்ணிக்கை இறங்காதை" என்பது மற்றையது. இவ்விரண்டும் தவறானவை. முதலாவது கூற்று பிள்ளையின் தோலுக்கும் கண்ணுக்கும் தீங்கு விளைவிக்கக்கூடியது. இரண்டாவது கூற்று அதனினும் கொடியது. ஏனெனில், அது பிள்ளையை நீச்சல் தெரியாதவராக வளரச் செய்கின்றது. ஏரிகளும் கடலும் சூழ்ந்த இந்நாட்டில் நீச்சல் தெரியாமை உயிருக்கே ஆபத்தாகலாம். தகுந்த உடையைத் தெரிவு செய்யும் அறிவு இருப்பின் இவ்விரு தவறுகளையும் நீக்கிவிடலாம். அவ்வறிவைத் தருவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

1. கண்ணுக்குத் தெரியாத கதிர்

சூரியனிடமிருந்து எமக்கு ஒளி வருகின்றது, வெப்பமும் வருகின்றது. இவற்றைவிட, எம் கண்ணுக்குத் தெரியாத ஒருவகைக் கதிரும் வருகின்றது. வானவில்லில் ஊதா நிறத்துக்கு அப்பால் இருப்பதால் அதற்குப் புற ஊதாக் கதிர் என்று பெயர். இலங்கைப் பாடநூல்கள் அதனைக் கழியூதாக் கதிர் என்று வழங்கும். ஊதாவைக் கழிந்து, அதாவது கடந்து, நிற்பது என்பது இச்சொல்லின் பொருள். தோலைச் சுடுவதும், காலப்போக்கில் தோலைச் சுருங்கச் செய்வதும், தோற்புற்றுநோய்க்குக் காரணமாவதும், கண்ணிற் புரை வளர உதவுவதும் இக்கதிரே.

கழியூதாக் கதிரை எம்மால் உணர முடியாது என்பதை மாணவர்கள் நன்கு மனத்திற் கொள்ள வேண்டும். நாம் உணரும் சூடு வேறொரு கதிரால் உண்டாவது. ஆகவே, குளிர்காற்று வீசும் நாளிலும், மெல்லிய முகில் மூடிய நாளிலும் கழியூதாக் கதிர் எம்மைத் தாக்கலாம்.

இக்கதிரின் வலிமையை அளப்பதற்குக் கழியூதாச் சுட்டெண் என்னும் அளவு உண்டு. 3 இலிருந்து பாதுகாப்புத் தேவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஒஸ்லோப் பகுதியில் யூன் மாதத்துத் தெளிந்த நண்பகலில் இச்சுட்டெண் 5 அல்லது 6 வரை செல்லும். யாழ்ப்பாணத்திலோ இது 11 ஐயும் தாண்டக்கூடும். நோர்வேயின் கதிர்ப்பாதுகாப்புத் திணைக்களம் நாள்தோறும் இவ்வெண்ணை முன்னறிவிக்கின்றது. மழை வருமா என்று பார்ப்பது போல இதனையும் பார்த்துப் பழகுதல் நன்று.

எண்ணைப் பார்க்க வசதியில்லாத இடத்தில் எம் நிழலையே அளவுகோலாகக் கொள்ளலாம். ஊரில் மணிக்கூடு இல்லாத காலத்தில் முதியோர் தம் நிழலைக் காலடியால் அளந்து நேரம் சொன்னதைப் பெற்றோர் அறிவர். அதே முறை இங்கும் உதவும். உங்கள் நிழல் உங்கள் உயரத்திலும் குறுகியிருந்தால் சூரியன் 45 பாகைக்கு மேல் நிற்கின்றது. கழியூதாக் கதிரும் வலிமையாக உள்ளது என்று கொள்ளலாம். ஒஸ்லோவில் மே மாதத் தொடக்கத்திலிருந்து ஓகஸ்ட் மாதம் பத்தாம் திகதி அளவிலேயே, அதுவும் நண்பகலை அண்டிய நேரத்திலேயே, நிழல் இவ்வாறு குறுகும். கோடையில் மணிக்கூட்டை ஒரு மணி நேரம் முன்னகர்த்தி வைப்பதால், சூரியன் உச்சியில் நிற்பது இங்கு பன்னிரண்டு மணிக்கன்று, ஒரு மணி கடந்த பின்னரே என்பதையும் மறவாதீர்கள்.

2. நீரில் ஏன் கூடுதல் கவனம் வேண்டும்?

நீருக்குள் இருந்தால் வெயில் சுடாது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. அரை மீற்றர் ஆழத்திலும், மேற்பரப்பிலுள்ள கழியூதாக் கதிரின் ஏறத்தாழ 40 வீதம் சென்றடைகின்றது என உலக சுகாதார நிறுவனம் குறிப்பிடுகின்றது. நீந்துபவரின் முதுகும் தோளும் கழுத்தின் பின்புறமும் இதனாலேயே முதலிற் சுடுபடுகின்றன. நீரின் குளிர்ச்சி எரிவை மறைத்துவிடுகின்றது. பூசிய வெயிற்காப்புக் களிம்பும் நீராலும் துவாயாலும் துடைபட்டுப் போகின்றது. உலர்ந்த மணல் ஏறத்தாழ 15 வீதத்தையும், கடல் நுரை ஏறத்தாழ 25 வீதத்தையும் திருப்பித் தெறிக்கச் செய்கின்றன. எனவே நிழற்குடையின் கீழ் இருப்பவருக்கும் பக்கத்திலிருந்து கதிர் வந்து சேரும்.

களிம்பைப் பூசிப் பூசி இதற்கு ஈடுகொடுப்பது கடினம். உடையோ அணிந்த நேரம் முழுவதும் காக்கும், நீரிற் கரையாது, பூச மறந்த இடம் என்பதும் அதற்கில்லை. அவுஸ்திரேலியாவில் விக்ரோறிய மாநிலத்துப் புற்றுநோய் எதிர்ப்புச் சபை 1981 ஆம் ஆண்டு மூன்று அறிவுரைகளைக் கொண்ட பெயர்பெற்ற பரப்புரையொன்றைத் தொடங்கியது. சட்டையை அணி, களிம்பைப் பூசு, தொப்பியைப் போடு என்பனவே அம்மூன்றும். அவற்றுள்ளும் சட்டையே முதலில் வைக்கப்பட்டது என்பதைக் கவனியுங்கள்.

எம் ஊர்க் கடற்றொழிலாளரும் இதனை அனுபவத்தால் அறிந்திருந்தனர். முழுக்கைச் சட்டை அணிந்து, தலையிலே துவாயைச் சுற்றிக்கொண்டு வள்ளம் ஏறியவர்களை நாம் கண்டிருக்கிறோம். கறுத்த மேனியருக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்பது உண்மையாயின், அவர்களுக்கு அச்சட்டையும் துவாயும் வேண்டியிரா.

3. எமது தோலும் எமது எண்ணமும்

எமது தோலிலுள்ள மெலனின் என்னும் நிறப்பொருள் கழியூதாக் கதிரின் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்கின்றது. இது இயற்கை எமக்களித்த கொடை. இதனால் வெண்மையான தோலுடையோரிலும் எமக்குத் தோற்புற்றுநோய் மிகக் குறைவாகவே ஏற்படுகின்றது. நோர்வேயில் ஆண்டுதோறும் 2,000 இற்கும் அதிகமானோர் மெலனோமா என்னும் கொடிய தோற்புற்றுநோய்க்கு ஆளாகின்றனர். இந்நாட்டார் வெயிற்காப்புப் பற்றி இவ்வளவு பேசுவதற்கு அதுவே காரணம்.

ஆயினும் இக்கொடை முழுமையான கவசமன்று. எமது தோலும் சுடுபடும். வெண்ணிறத் தோலிற்போலச் சிவப்பு எளிதிற் தெரியாததால் நாம் அதனைக் காணத் தவறுகிறோம். இரவில் முதுகு கொதிப்பதும், தொட்டால் நோவதும், சில நாட்களிற் தோல் உரிவதும் சுடுபட்டதன் அடையாளங்களே. கண்ணுக்கோ தோலின் நிறம் எவ்வித பாதுகாப்பும் தராது.

இனி, கறுத்துப் போதல் பற்றிய அச்சத்துக்கு வருவோம். வெயிலிற் கறுத்த தோல் சில வாரங்களிற் பழைய நிறத்துக்குத் திரும்பும். திரும்பாவிட்டாலும் அதில் இழிவு எதுவுமில்லை. இவ்வச்சம் பெண்பிள்ளைகளின் மீதே பெரிதும் சுமத்தப்படுகின்றது. அண்ணன் ஏரியிற் பாய்ந்து விளையாட, தங்கை கரையில் உடுப்புகளுக்குக் காவல் இருக்கும் காட்சியைக் கோடைதோறும் காண்கிறோம். மகளின் நிறத்துக்காக அவளது நீச்சலைத் தடுப்பது அறிவுடைமையாகாது. வெயிற்காப்பு உடையைப் பிள்ளையை வெளுப்பாக வைத்திருக்கும் கருவியென எண்ணி வாங்காதீர்கள். பிள்ளை அச்சமின்றி நெடுநேரம் நீரில் நிற்பதற்குரிய கருவியென எண்ணி வாங்குங்கள்.

4. துணியின் இயல்புகள்

உடையின் காப்பு அதன் விலையிலோ வணிகப் பெயரிலோ தங்கியிருப்பதில்லை. பின்வரும் ஐந்து இயல்புகளிலேயே தங்கியுள்ளது.

இழை: பொலியெஸ்ரர் இழை கழியூதாக் கதிரை இயல்பாகவே நன்கு உறிஞ்சும். நைலோன் அதிலும் குறைந்தது. எனினும், நெருக்கமாகப் பின்னப்பட்டு உரிய பதனிடலும் பெற்றால் அதுவும் சிறந்ததே. நீச்சலுடைகளில் இவற்றுடன் எலாஸ்ரேன் என்னும் இழுபடும் இழையையும் கலப்பர். மெல்லிய வெள்ளைப் பருத்தியின் காப்பு மிகக் குறைவு.

நெசவு: நெசவுத் துணியில் நெடுக்காக ஓடுவது பாவு, குறுக்காக ஓடுவது ஊடு. இவ்விரு நூல்களுக்கும் இடையிலுள்ள துளைகளின் வழியாகவே கதிர் நுழைகின்றது. நீச்சலுடைகள் பெரும்பாலும் நெய்யப்படுவதில்லை, பின்னப்படுகின்றன. நெசவாயினும் பின்னலாயினும் நெருக்கமே முதன்மையானது.

நிறம்: ஒரேவகைத் துணியில் அடர்ந்த நிறம் வெளிர்நிறத்திலும் கூடுதலாகக் கதிரை உறிஞ்சும். ஆனால் கருநீலமும் சாம்பலும் நீரிற் கண்ணுக்குப் புலப்படா. பிள்ளை தத்தளிக்கும்போது கரையிலுள்ளவர் உடனே காண வேண்டும். ஆகவே அடர்ந்த சிவப்பும் செம்மஞ்சளும் இரு நோக்கங்களுக்கும் பொருந்துவன.

ஈரம்: பருத்தி நனைந்தால் ஒளி ஊடுருவும் தன்மை பெறுகின்றது. நனைந்த வெள்ளைச் சட்டைக்குள்ளால் தோல் தெரிவதைக் கண்டிருப்பீர்கள். தோலின் நிறம் எமது கண்ணுக்குத் தெரிகின்றதென்றால் கதிருக்கும் வழி திறந்துள்ளது என்பதே பொருள். நனைந்த பருத்தி பாரமாகி நீந்துவதற்குத் தடையாகின்றது. காற்றுப்பட்டதும் உடலைக் குளிரவும் வைக்கின்றது.

இழுபடல்: துணி இழுபடும்போது அதன் துளைகள் விரிகின்றன; காப்புக் குறைகின்றது. "போன வருசத்து உடுப்பை இந்த வருசமும் போடலாம்" என்று வளர்ந்த பிள்ளையை இறுகிய உடைக்குள் புகுத்துவது பயனற்றது. மிகப் பெரிதாக வாங்கி இரண்டு ஆண்டு போடவைப்பதும் சரியன்று. அதனுள் நீர் நிறைந்து நீந்துவதைத் தடுக்கும். உடலோடு பொருந்தி, ஆனால் இழுபடாமல் இருப்பதே நீந்துவதற்கு ஏற்ற அளவு.

5. எண்ணைப் படிக்கும் முறை

உடையின் உட்புறச் சீட்டில் யூ.பி.எவ். என்னும் எழுத்துகளும் ஓர் எண்ணும் இருக்கும். அது துணியின் கழியூதாக் காப்பெண். களிம்புக்குரிய எஸ்.பி.எவ். எண் வேறு, அதனை இதனோடு குழப்பிக்கொள்ளல் ஆகாது. துணியினூடாக எத்தனை வீதக் கதிர் செல்லும் என்பதை அறிய, 100 ஐக் காப்பெண்ணால் வகுத்தால் போதும்.

காப்பெண் 5 எனின், 20 வீதம் உட்செல்லும்.
காப்பெண் 10 எனின், 10 வீதம் உட்செல்லும்.
காப்பெண் 25 எனின், 4 வீதம் உட்செல்லும்.
காப்பெண் 50 எனின், 2 வீதம் உட்செல்லும்.

மெல்லிய வெள்ளைப் பருத்தி ரீசேட்டின் காப்பெண் உலர்ந்த நிலையில் 5 இலிருந்து 7 வரையே இருக்கும். நனைந்தால் 3 அளவுக்கு இறங்கிவிடும். அதாவது, மூன்றில் ஒரு பங்குக் கதிர் தோலை அடையும். காப்பெண் 50 கொண்ட உடையுடன் ஒப்பிட்டு நோக்கின் வேறுபாடு விளங்கும்.

ஆடைக்குரிய இவ்வளவீட்டை அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 1996 ஆம் ஆண்டு நியமமாக வகுத்தன. அங்கு 50 இற்கு மேற்பட்டவை யாவும் 50 சக என்று குறிக்கப்படும். ஐரோப்பாவில் ஈ.என். 13758 என்னும் நியமம் உண்டு. அதன்படி காப்பெண் 40 இற்கு மேல் இருத்தல் வேண்டும். மேலுடையாயின் கழுத்தடியிலிருந்து இடுப்பு வரையும், தோளிலிருந்து மேற்கையின் முக்காற் பகுதி வரையும் மூட வேண்டும் எனவும் அது வகுத்துள்ளது. எவ்வளவு சிறந்த துணியாயினும் மூடாத இடத்தை அது காக்காது என்பதே இதன் கருத்து.

6. எந்த விளையாட்டுக்கு எந்த உடை?

நீந்துதலும் நீரில் விளையாடுதலும்: உடலோடு பொருந்திய முழுக்கை நீச்சற்சட்டையும் முழங்கால் வரையான காற்சட்டையும் போதுமானவை. சிறு பிள்ளைகளுக்குக் கையும் காலும் மூடிய ஒற்றை உடை வசதியானது. பின்புறம் கழுத்தை மூடும் துணியுள்ள தொப்பியையும் சேர்த்துக்கொள்க.

கயாக் வள்ளமும் படகும்: இங்கு பிள்ளை மணிக்கணக்காக ஒரே நிலையில் அமர்ந்திருக்கின்றது. தொடை, முழங்கால், புறங்கை, காது என்பன மறக்கப்படுகின்றன. முழுக்கைச் சட்டையும், நாடியிற் கட்டக்கூடிய அகன்ற விளிம்புத் தொப்பியும், கழியூதாக் கதிரைத் தடுக்கும் கறுப்புக் கண்ணாடியும் வேண்டும். இவற்றின் மேல் உயிர்காப்பு அங்கி வேண்டும். 8 மீற்றரிலும் குறைந்த படகு ஓடும்போது அதிலுள்ளோர் யாவரும் மிதப்பு அங்கி அணிதல் வேண்டும் என்பது 2015 மே முதலாம் திகதியிலிருந்து நோர்வேயின் சட்டம். வெயிற்காப்பு உடை ஒருபோதும் மிதக்க வைக்காது. சட்டையை அணிந்துவிட்டோம் என்று அங்கியைக் கழற்றுதல் ஆகாது.

பலகை விளையாட்டுகள்: பலகையிற் படுத்தெழும்போது நெஞ்சும் வயிறும் உராய்ந்து புண்படும். அவுஸ்திரேலியாவில் அலைச்சறுக்குவோரிடையே இறுக்கமான மேற்சட்டை பரவியமைக்கு இவ்வுராய்வும் வெயிலும் காரணங்கள். தையல்கள் தட்டையாக உள்ள சட்டையைத் தெரிவு செய்யுங்கள்.

குளிர்நீர்: இங்குள்ள ஏரிகள் கோடையின் தொடக்கத்தில் மிகக் குளிர்ந்தவை. மெல்லிய வெயிற்காப்புச் சட்டை உடற்சூட்டைப் பேணாது. நெடுநேரம் நீரில் நிற்போருக்கு நியோப்பிறீன் என்னும் இறப்பர் நுரை உடை ஏற்றது. அது குளிரையும் கழியூதாக் கதிரையும் ஒருங்கே தடுக்கும்.

நீச்சலுடைக்குக் கூச்சப்பட்டு நீந்தப் போகாத பிள்ளைகளுக்கும் இன்று வழி உண்டு. அவுஸ்திரேலியாவில் அஹேடா சனெற்றி என்னும் பெண்மணி முஸ்லிம் பெண்களுக்காக 2004 ஆம் ஆண்டளவில் உடல் முழுவதையும் மூடும் நீச்சலுடையை வடிவமைத்தார். பின்னர் வெயிலை அஞ்சிய ஏனையோரும் அதனை விரும்பி வாங்கினர். கை, கால் மூடிய உடைகள் இப்போது சாதாரண கடைகளிலும் கிடைக்கின்றன. உள்ளக நீச்சற் தடாகத்தில் எவ்வகை உடைக்கு அனுமதி உண்டு என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டறியுங்கள்.

7. வீட்டிலே செய்து பார்க்கலாம்

உடையை மின்விளக்குக்கு எதிரே பிடியுங்கள். ஒளி புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் பின்னல் நெருக்கமற்றது. பின்னர் அணியும் அளவுக்கு மெல்ல இழுத்து மீண்டும் பாருங்கள். அடுத்து நனைத்துப் பாருங்கள். பருத்திச் சட்டை ஒன்றையும் பொலியெஸ்ரர் சட்டை ஒன்றையும் இவ்வாறு ஒப்பிட்டால் இப்பாடத்தின் பெரும்பகுதி கண்முன்னே விளங்கிவிடும். இது துல்லியமான அளவீடு அன்று. ஆயினும் மிக மோசமான துணியை ஒதுக்க உதவும். வீட்டிலுள்ள அடர்ந்த நிற, நெருக்கமான பொலியெஸ்ரர் விளையாட்டுச் சட்டை இச்சோதனையிற் தேறினால் புதிய உடைக்குப் பணம் செலவிடாமலே ஏரிக்குப் போகலாம்.

பயன்படுத்திய உடையை நன்னீரில் அலசி நிழலில் உலர்த்துக. தடாகத்துக் குளோரின் எலாஸ்ரேன் இழையைச் சிதைக்கும். உறவினர் பிள்ளையிடமிருந்து கிடைத்த உடையாயின் முழங்கையும் இருக்கைப் பகுதியும் தேய்ந்துள்ளனவா என்று பாருங்கள்.

8. அளவறிந்து காத்தல்

வெயில் பகைவன் அன்று. எமது தோல் வெயிலின் உதவியாலேயே விற்றமின் டி யை ஆக்குகின்றது. ஒஸ்லோவில் ஏறக்குறைய ஒக்ரோபரிலிருந்து மார்ச் வரை சூரியன் தாழ்ந்து நிற்பதால் இது நிகழ்வதேயில்லை எனலாம். கறுத்த தோலுக்கு இதனை ஆக்கக் கூடுதல் நேரமும் வேண்டும். கண்டியில் வாழும் இலங்கையரையும் ஒஸ்லோவில் வாழும் இலங்கையரையும் ஒப்பிட்டு 2008 ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, ஒஸ்லோவில் உள்ளோரிடம் இவ்விற்றமின் கணிசமாகக் குறைந்திருந்ததைக் காட்டியது.

ஆகவே ஆண்டு முழுவதும் பிள்ளையை மூடிவைத்தல் இந்நாட்டில் எமக்குப் பொருந்தாது. சுட்டெண் 3 இற்குக் கீழிருக்கும் நாளில் வெயிற்காப்பு உடை தேவையில்லை. கைகால்களில் வெயில் படட்டும். சுட்டெண் 3 ஐத் தாண்டும் நாளில் நெடுநேரம் நீரில் நிற்பதாயின் உடையை அணியுங்கள்; மூடாத முகம், புறங்கை, பாதம் ஆகியவற்றுக்குக் களிம்பு பூசி, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவையும் நீரிலிருந்து எழுந்த பின்னரும் மீண்டும் பூசுங்கள். குளிர்காலத்தில் விற்றமின் டி பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

யூலை விடுமுறையில் தாயகம் செல்வோர் இன்னுமொன்றைக் கவனிக்க வேண்டும். நோர்வேயில் வளரும் பிள்ளையின் தோல் அங்குள்ள வெயிலுக்குப் பழகியதன்று. காரைநகர்க் கசூரினாக் கடற்கரையிலோ, நிலாவெளியிலோ, பாசிக்குடாவிலோ முதல் நாளே நண்பகலில் இறக்கிவிடாதீர்கள். காலையிலும் மாலையிலும் நீந்தவிடுங்கள். இங்கு வாங்கிய உடையை மறவாது பெட்டியில் வையுங்கள்.

பயிற்சி

1. காப்பெண் 40 கொண்ட உடையினூடாக எத்தனை வீதக் கதிர் செல்லும்?
2. பாவு, ஊடு ஆகிய சொற்களின் பொருளை எழுதி, ஒவ்வொன்றையும் ஒரு வாக்கியத்தில் அமைக்குக.
3. அடுத்த சனிக்கிழமை நண்பகலில் உமது நிழலைக் காலடியால் அளந்து, உமது உயரத்துடன் ஒப்பிடுக.
4. "கறுத்துப் போவாய்" என்று கூறும் ஒருவருக்கு நீர் அளிக்கும் மறுமொழியைப் பத்து வரிகளில், மரியாதை குன்றாமல் எழுதுக.

நான்காம் வினாவுக்குரிய விடையைப் பிள்ளைகள் வீட்டில் உரத்து வாசிக்க வேண்டும். பெற்றோர் பொறுமையோடு கேட்க வேண்டும். வரும் கோடையில் எமது ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் தகுந்த உடை அணிந்து, நீச்சல் கற்று, மேனி நிறம் பற்றிய கவலையின்றி ஏரியில் இறங்கி, நலமே கரையேற வாழ்த்துகின்றேன்.